வாழைக்கன்றுக்கும் உண்டு சான்றிதழ்!

திசு வளர்ப்புக் கன்று வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

வாழைக்கன்று வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது உயரம். அடுத்து இலை எண்ணிக்கை, வேர்ப்பிடிப்பு. பிறகு விலை பேசுவார். கண்ணுக்குத் தெரிவதை எல்லாம் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏற்றுவார். ஆனால், குலை தள்ள வேண்டிய மாதத்தில் தோட்டத்தைப் படுக்க வைத்துவிடும் ஒன்று, கண்ணுக்குத் தெரியாமல் கன்றுக்குள்ளேயே உட்கார்ந்து வந்துவிடும். அதுதான் வைரஸ்.

திருச்சி மாவட்டத்தில் வாழை என்பது நெல்லுக்கு அடுத்த நம்பிக்கை. அந்தநல்லூர், ஜீயபுரம், லால்குடி, முசிறி, தொட்டியம் என்று காவிரிக் கரையெங்கும் வாழைதான். நகரத்தைச் சுற்றிக்கொண்டு கிழக்கே போகிற உய்யக்கொண்டான் வாய்க்கால், கைலாசபுரம் பெல் குடியிருப்பை ஒட்டிய வாழவந்தான்கோட்டை ஏரியில் போய் முடிகிறது. அந்தக் கடைமடைப் பக்கம் வரை வாய்க்கால் தண்ணீரையும் போர்வெல்லையும் நம்பி வாழை வைக்கிறவர்கள் உண்டு. முன்பெல்லாம் பக்கத்துத் தோட்டத்தில் பக்கக்கன்று தோண்டி எடுத்து நட்டார்கள். இப்போது ஜி-9 என்றாலே டிஷ்யூ கன்றுதான். ஏலக்கி, செவ்வாழை, நேந்திரன் ஆகியவற்றிலும் திசு வளர்ப்புக் கன்றுகள் வந்துவிட்டன.

ஆறுக்கு ஆறு அடி இடைவெளியில் ஒரு ஏக்கருக்கு 1,210 கன்றுகள் பிடிக்கும். கன்று 18 ரூபாய் என்று வைத்தாலும் 21,780 ரூபாய். குழி எடுப்பது, தொழுவுரம், சொட்டுநீர்க் குழாய், உரம், மண் அணைக்கும் கூலி, காற்றுக்கு முட்டு கொடுக்கச் சவுக்குக் கழி எல்லாம் இதற்கு மேல். குத்தகை நிலம் என்றால் குத்தகைப் பணமும் முன்கூட்டியே போய்விடும். நூற்றுக்குப் பத்துக் கன்று நோயில் போனாலே 121 தார் இல்லை என்று அர்த்தம். அந்தப் பத்து, பக்கத்துக் கன்றுகளுக்கும் பரவிவிட்டால் கணக்கே வேறு. வீட்டு நகையை அடகு வைத்து வாழை போட்டவருக்கு இது ஒரு வருட வாழ்க்கை.

இதற்காகவே மத்திய அரசின் உயிரி தொழில்நுட்பத் துறை ஒரு சான்றிதழ் முறையை வைத்திருக்கிறது. கம்பெனிகளுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் அது நன்றாகவே தெரியும். தெரிய வேண்டிய உழவருக்குத்தான் சரியாகப் போய்ச் சேரவில்லை.

ஒரு குருத்தில் இருந்து ஆயிரம் கன்று

சான்றிதழ் எதற்கு என்பது புரிய வேண்டுமானால், திசு வளர்ப்புக் கன்று எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

நல்ல தார் போடுகிற ஒரு தாய்வாழையைத் தேர்ந்தெடுத்து, அதன் பக்கக்கன்றைத் தோண்டுகிறார்கள். கிழங்கையும் மேல் மட்டைகளையும் சீவிச் சீவிக் கடைசியில் நடுவில் இருக்கும் வளர்நுனியை மட்டும் எடுக்கிறார்கள். அதைச் சுத்திகரித்து, சர்க்கரை, உப்புச்சத்துகள், வைட்டமின், வளர்ச்சி ஊக்கிகள் கலந்த கூழ் உள்ள கண்ணாடிப் பாட்டிலில் வைக்கிறார்கள். சில வாரங்களில் அந்த ஒரு நுனியில் இருந்து பல குருத்துகள் கிளம்பும். அவற்றைப் பிரித்து மறுபடியும் புதிய பாட்டில்களில் வைப்பார்கள். இப்படிச் சுழற்சி சுழற்சியாகப் பெருக்கி, பிறகு வேர்விட வைத்து, பாட்டிலில் இருந்து வெளியே எடுத்துக் குழித்தட்டில் நடுவார்கள். அங்கிருந்து பசுமைக்குடில், பிறகு நிழல்வலைக் குடில் என்று கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்குவார்கள். இதைக் 'கடினப்படுத்துதல்' என்பார்கள். ஐந்தாறு இலையோடு, ஓரடி உயரத்தில் பையில் நிற்கும் கன்றுதான் நம் கைக்கு வருகிறது.

இதில் பக்கக்கன்றைவிட நிறைய அனுகூலங்கள் உண்டு. கிழங்கோடு வரும் கூன்வண்டும் நூற்புழுவும் டிஷ்யூ கன்றில் வராது. எல்லாம் ஒரே வயது என்பதால் ஒன்றையொட்டி ஒன்றாகக் குலை தள்ளும். அறுவடையை இரண்டு மூன்று வெட்டில் முடித்துவிடலாம். வியாபாரியிடம் பேசும்போதும் அது உழவர் பக்கம் நிற்கிற விஷயம்.

ஆபத்தும் அதே இடத்தில்தான் இருக்கிறது. திசு வளர்ப்புக் கன்று என்றாலே வைரஸ் இல்லாத கன்று என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தாய்வாழையில் வைரஸ் இருந்தால், அதில் இருந்து எடுத்த நுனியிலும் அது இருக்கும் வாய்ப்பு அதிகம். நுனி ஆயிரமாகப் பெருகும்போது வைரஸும் ஆயிரம் கன்றுக்கும் போகும். பக்கக்கன்று காலத்தில் ஒரு நோய்வாழையில் இருந்து நாலைந்து தோட்டத்துக்கு நோய் போனது. ஆய்வுக்கூடத்தில் ஒரு தாய்வாழையைச் சோதிக்காமல் விட்டால் நாலைந்து மாவட்டத்துக்குப் போகும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பெருக்கும் சுழற்சி அதிகமாக அதிகமாக, தாய்க்குணம் மாறிய கன்றுகள் தலைகாட்டும். குட்டையாக நின்றுவிடுவது, இலை கோணல்மாணலாக வருவது, சீப்பு சரியாக அமையாமல் போவது எல்லாம் இப்படி வருபவை. அதனால் வாழையில் எட்டுச் சுழற்சிக்கு மேல் போகக் கூடாது என்று நெறிமுறை இருக்கிறது. ஒரே நுனியை இழுத்துக்கொண்டே போனால் கம்பெனிக்குச் செலவு மிச்சம். நட்டவருக்குத்தான் தார் நஷ்டம்.

சோதிக்க வேண்டிய நான்கு வைரஸ்கள்

வாழையில் முக்கியமாக நான்கு வைரஸ்களைச் சோதிக்கச் சொல்கிறது சான்றிதழ் முறை.

முதலாவது முடிக்கொத்து நோய். இலைகள் சிறுத்து, குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாகச் சேர்ந்து நிற்கும். இலைக்காம்பிலும் நடுநரம்பு ஓரத்திலும் கரும்பச்சைப் புள்ளியும் கோடுமாகத் தெரியும். தந்தி அடிக்கும் குறியீடு போலப் புள்ளி, கோடு, புள்ளி என்று இருக்கும். இளவயதில் பிடித்தால் குலையே தள்ளாது. இதைப் பரப்புவது வாழை அசுவினி. கருப்பாக, கூட்டமாக, குருத்தின் இடுக்கிலும் தண்டின் அடிமட்டைக்கு உள்ளேயும் ஒளிந்திருக்கும். எறும்பு ஏறி இறங்குகிற வாழையில் மட்டையை விலக்கிப் பார்த்தால் பெரும்பாலும் அகப்படும்.

இந்த ஒரு நோய் என்ன செய்யும் என்பதற்குப் பழனி மலைப் பக்கம் போனால் போதும். விருப்பாட்சி, சிறுமலை என்ற மலைவாழைகள் கீழ்ப்பழனி மலைத்தொடரில் 1970களில் சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்தன. பஞ்சாமிர்தத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த வாழை அது. முடிக்கொத்து நோய் வந்த பிறகு அந்தப் பரப்பு சுமார் 2,000 ஹெக்டேராகச் சுருங்கிப்போனது. மலையில் வாழை காப்பிக்கு இடையே வருடக்கணக்கில் நிற்கும் பயிர். ஒருமுறை நோய் நுழைந்தால் பக்கக்கன்று வழியாகவே தலைமுறை தலைமுறையாகப் போய்க்கொண்டிருக்கும். பிறகு வைரஸ் சோதித்த தாய்வாழைகளில் இருந்து திசு வளர்ப்பில் கன்று உற்பத்தி செய்து திரும்பக் கொண்டுபோய் நட்டுத்தான் அந்த ரகங்களை மீட்க வேண்டியிருந்தது. தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அதில் பாடுபட்டிருக்கின்றன.

இரண்டாவது, பூமடல் தேமல் நோய். கேரளத்தில் கொக்கான் என்பார்கள். தண்டில் இளஞ்சிவப்புக் கீற்றுகள் ஓடும். வாழைப்பூவின் மடலில் தேமல் விழும். சில மரங்களில் இலைகள் விசிறி மாதிரி இரண்டு பக்கமாக ஒதுங்கி நிற்கும். நேந்திரன் வைத்திருப்பவர்கள் இதை அதிகம் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது வெள்ளரி தேமல் வைரஸ். பெயரிலேயே விஷயம் இருக்கிறது. வெள்ளரி, பூசணி வகையறாக்களிலும், தக்காளி, மிளகாய் போன்றவற்றிலும் இருக்கும் இந்த வைரஸை அசுவினி வாழைக்குக் கொண்டுவரும். இளங்கன்றில் வந்தால் குருத்தே அழுகும். வாழை சிறிதாக இருக்கும்போது இடைவெளி வீணாகிறதே என்று பூசணிக்கொடி விடுவது நம் பழக்கம். டிஷ்யூ வாழையில் அந்த ஆசையை அடக்கிக்கொண்டு தட்டைப்பயறு, உளுந்து, சணப்பு என்று போவது நல்லது.

நான்காவது வாழைக் கீற்று வைரஸ். இது கொஞ்சம் விசித்திரமான ஆள். இதைப் பற்றிப் பின்னால் தனியாகவே பார்க்க வேண்டும்.

இந்த நான்கையும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கன்று பச்சைப்பசேல் என்றே இருக்கும். இலைத்துண்டை எடுத்து ஆய்வுக்கூடத்தில் சோதிக்க வேண்டும். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்துப் போனார்களே, அதே பி.சி.ஆர். சோதனைதான். இங்கே மூக்குக்குப் பதில் இலை.

சீட்டு என்ன சொல்கிறது?

உயிரி தொழில்நுட்பத் துறை 1986-ல் தொடங்கப்பட்டது. திசு வளர்ப்புக் கன்றுகளுக்குச் சான்று அளிக்கும் அமைப்பாக, 1966-ம் ஆண்டின் விதைச் சட்டத்தின் கீழ் 2006 மார்ச்சில் அந்தத் துறையை அறிவித்தது மத்திய அரசு. நெல் விதைக்கு விதைச்சான்றுத் துறை நீலச் சீட்டு கட்டுகிறதே, அதுபோல டிஷ்யூ கன்றுக்கு இது. 'திசு வளர்ப்புக் கன்றுகளுக்கான தேசியச் சான்றளிப்பு முறை' என்பது இதன் பெயர். வாழை மட்டும் இல்லை. கரும்பு, உருளைக்கிழங்கு போன்றவையும் இதில் உண்டு.

இதில் இரண்டு படிகள் இருக்கின்றன. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள்.

முதல் படி, கம்பெனிக்கு அங்கீகாரம். கன்று உற்பத்தி செய்யும் இடத்தை நிபுணர் குழு நேரில் வந்து பார்க்கும். கூடம் சுத்தமாக இருக்கிறதா, தாய்வாழைக்குப் பதிவேடு இருக்கிறதா, பசுமைக்குடிலில் பூச்சி நுழையாத ஏற்பாடு உண்டா என்றெல்லாம் பார்த்துக் குறிப்பிட்ட காலத்துக்கு அங்கீகாரம் கொடுப்பார்கள். காலம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும்.

இரண்டாம் படி, கன்றுத் தொகுதிக்குச் சான்று. அங்கீகாரம் பெற்ற கம்பெனி, தான் உற்பத்தி செய்த ஒவ்வொரு தொகுதியில் இருந்தும் மாதிரி எடுத்து, துறை ஏற்றுக்கொண்ட சோதனைக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே வைரஸ் இருக்கிறதா என்றும், கன்று தாயின் மரபணுவோடு ஒத்துப்போகிறதா என்றும் சோதிப்பார்கள். இரண்டிலும் தேறினால்தான் அந்தத் தொகுதிக்குச் சான்றிதழும், கன்றோடு அனுப்ப ஒட்டுச்சீட்டும் கிடைக்கும்.

'எங்கள் கம்பெனிக்கு மத்திய அரசு அங்கீகாரம் இருக்கிறது' என்று சுவரில் மாட்டிய சட்டத்தைக் காட்டினால், அது முதல் படி மட்டும்தான். நம் வண்டியில் ஏறப்போகும் கன்று சோதிக்கப்பட்டதா என்பதை அது சொல்லாது. ஓட்டுநர் உரிமம் இருப்பதும், இன்றைக்கு வண்டியில் பிரேக் பிடிப்பதும் வேறு வேறு அல்லவா? கேட்க வேண்டியது தொகுதிச் சான்றிதழை. அதில் உள்ள எண்ணும், கன்றோடு வந்த சீட்டும், நாம் வாங்கும் ரகமும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்த வகையில் திருச்சிக்காரர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் 1993 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம், தோகைமலை சாலையில் தாயனூரில் இருக்கிறது. துறை ஏற்றுக்கொண்ட சோதனைக் கூடங்களில் அதுவும் ஒன்று. முந்நூறுக்கும் மேற்பட்ட வாழை வகைகளைத் தோட்டமாகவே வைத்துக் காப்பாற்றுகிறார்கள். வெளிமாநிலத்து உழவர்கள் ரயிலேறி வந்து பார்த்துவிட்டுப் போகிற இடத்தை, பக்கத்து ஊர்க்காரர்கள் பஸ்ஸில் கடந்து போய்க்கொண்டே இருக்கிறோம்.

இந்த முறையில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. சான்று பெறுவது கட்டாயம் இல்லை. விரும்பிய கம்பெனி பெறலாம். சான்று இல்லாத கன்றும் அதே சந்தையில், அதே பையில், இரண்டு ரூபாய் மலிவாக விற்கும். அடுத்து, ஐயாயிரம் பத்தாயிரம் என்று வாங்குகிற பெரிய விவசாயிக்குச் சான்றிதழ் நகல் கேட்காமலே வரும். முந்நூறு கன்று வாங்கும் சிறு விவசாயி நேராகக் கம்பெனியில் வாங்குவதில்லை. இடையில் ஒரு நர்சரி இருக்கிறது. பாட்டிலில் இருந்து எடுத்த சிறு கன்றுகளைக் குழித்தட்டோடு வாங்கி, தன் நிழல்வலையில் வளர்த்து விற்கும் நர்சரிகள் நிறைய. அங்கே நாலு கம்பெனிக் கன்று கலந்து நிற்கும்போது எந்தச் சீட்டு எந்தக் கன்றுக்கு? நிழல்வலையில் ஓட்டை இருந்து அசுவினி நுழைந்தால், கம்பெனியில் சுத்தமாக இருந்த கன்றும் நர்சரியில் நோய் வாங்கும். துறை இன்னும் ஒரு படி இறங்கி வந்து, ஒவ்வொரு குழித்தட்டிலும் தமிழில் நாலு வரி எழுதிய சீட்டு வைக்கச் செய்தால் பாதிப் பிரச்னை தீரும். அதுவரை கேட்டு வாங்குவது உழவர் பாடு.

ஒரே ஊர்க்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து, உழவர் உற்பத்தியாளர் குழு வழியாகவோ தனியாகவோ மொத்தமாக ஆர்டர் கொடுத்தால் கம்பெனியில் நேராகவே வாங்கலாம். விலையும் குறையும், சான்றிதழும் கைக்கு வரும். நடவுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே சொல்லிவிட வேண்டும். அவசரத்துக்குப் போனால் மீந்துபோன கன்றுதான் கிடைக்கும்.

பூவன் சங்கதி

இப்போது அந்த விசித்திர ஆளுக்கு வருவோம். வாழைக் கீற்று வைரஸ் வந்தால் இலையில் மஞ்சள் கீற்றுகள் விழுந்து, நாளாக ஆக அவை கருகிப் பழுப்பாகும். மாவுப்பூச்சி இதைப் பரப்பும். அதோடு விட்டால் பரவாயில்லை.

நம் பூவன், உலக அளவில் 'மைசூர்' என்ற பெயரில் தெரிந்த வாழை. காட்டுவாழை இரண்டு வகை கலந்து பிறந்தவைதான் நம் வாழைகள் பெரும்பாலும். அதில் ஒரு வகையின் மரபணுவுக்குள்ளேயே இந்தக் கீற்று வைரஸின் மரபணுத் துண்டுகள் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டன. பூவனில் அந்த வகையின் பங்கு இருப்பதால், வைரஸின் விதை பூவனின் உடம்பிலேயே இருக்கிறது. வெளியில் இருந்து பூச்சி கொண்டுவர வேண்டும் என்பதில்லை. வறட்சி, கடுங்குளிர், சத்துக்குறை என்று மரம் அவஸ்தைப்படும்போது உள்ளே தூங்கும் துண்டு விழித்துக்கொண்டு வைரஸாக எழும்பும். திசு வளர்ப்பில் வெட்டி வெட்டிப் பெருக்குவதும் அதற்கு ஓர் அவஸ்தைதான்.

பூவனை ஜி-9 போலச் சுலபமாகத் திசு வளர்ப்பில் கொண்டுவர முடியாமல் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஜி-9 வேறு வகை. அதன் மரபணுவில் இந்தத் துண்டுகள் இல்லை. திருச்சி, தஞ்சைப் பக்கம் இலைக்கும் பழத்துக்கும் பூவனையே நம்பியிருப்பவர்கள், கீற்று அதிகம் தெரிகிற மரத்தில் இருந்து பக்கக்கன்று எடுக்காமல் இருப்பதும், தண்ணீரும் உரமும் நிறுத்தாமல் மரத்தை வாட விடாமல் வைத்திருப்பதும்தான் இப்போதைக்கு உள்ள வழி. நன்றாகக் கவனித்த தோட்டத்தில் கீற்று மங்கிப்போய் மரம் ஒழுங்காகத் தார் போடுவதும் உண்டு.

சீட்டு காப்பாற்றாத எதிரி

சான்றிதழ் பெற்ற கன்றை நட்டும் ரஸ்தாளி வாடிவிட்டது என்று சிலர் கோபப்படுகிறார்கள். வாடல் நோய் வைரஸ் இல்லை. மண்ணில் இருக்கும் பூஞ்சாணம். பயிர் இல்லாவிட்டாலும் பல பத்து ஆண்டுகள் மண்ணில் கிடக்கும். கன்று சுத்தமாக வந்தாலும், போய் நிற்கும் மண்ணில் நோய் இருந்தால் என்ன செய்யும்?

இன்னும் ஒன்று. பாட்டிலில் வளர்ந்த கன்று பச்சைக்குழந்தை மாதிரி. பக்கக்கன்றின் வேரிலும் கிழங்கிலும் இயற்கையாகக் குடியிருக்கும் நல்ல நுண்ணுயிரிகள்கூட அதில் இருக்காது. சுத்தம் செய்யும்போது கெட்டதோடு நல்லதும் போய்விடுகிறது. அதனால் நட்ட முதல் சில மாதங்கள் மண்ணில் உள்ள வாடல் பூஞ்சாணத்துக்கு அது சுலபமாகப் பலியாகும். நிழல்வலைக் குடிலில் இருக்கும்போதே டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ், பேசில்லஸ் போன்றவற்றைக் கொடுத்து வளர்ப்பது இதனால்தான். நர்சரியில் கொடுத்தார்களா என்று கேளுங்கள். கொடுக்காவிட்டால் நடும் குழியில் தொழுவுரத்தோடு கலந்து நாமே கொடுக்கலாம்.

பீகார், உத்தரப்பிரதேசம் பக்கம் ஜி-9 வாழையையே வாட வைக்கும் புதிய வகை வாடல் பூஞ்சாணம் வந்திருக்கிறது. உலகத்தில் பல நாடுகளைப் பயமுறுத்திக்கொண்டிருக்கும் வகை அது. மத்திய அமெரிக்காவில் ஏற்றுமதிக்கு இருந்த குரோஸ் மிஷல் என்ற வாழையைச் சென்ற நூற்றாண்டில் வாடல் நோய் முடித்துவைத்தது. அதற்குப் பதிலாக வந்ததுதான் ஜி-9 சேர்ந்த கேவண்டிஷ் கூட்டம். இப்போது அதற்கே ஆபத்து. வடக்கில் இருந்து பக்கக்கன்று, மண் ஒட்டிய கிழங்கு எதையும் யார் கொண்டுவந்தாலும் வாங்காதீர்கள்.

இன்னும் வெளிவராதவை

உயிரி தொழில்நுட்பத் துறையின் பணத்தில் வேறு சில வாழை ஆராய்ச்சிகளும் நடக்கின்றன. இரும்புச்சத்தும், வைட்டமின் ஏ-வாக மாறும் சத்தும் கூடுதலாக உள்ள வாழையை உருவாக்க ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடு 2012-ல் ஒரு திட்டம் தொடங்கியது. திருச்சி வாழை மையமும் அதில் ஒரு பங்காளி. மொகாலியில் உள்ள துறையின் சொந்த ஆய்வு நிறுவனம், மரபணுத் திருத்த முறையில் ஜி-9 வாழையில் பீட்டா கரோட்டின் சத்தைப் பல மடங்கு கூட்டியதாக 2020-ல் வெளியிட்டது. இவையெல்லாம் ஆராய்ச்சி அளவில் உள்ளவை. 'வைட்டமின் வாழை வந்துவிட்டது, கன்று 60 ரூபாய்' என்று யாராவது வாசலில் வந்து நின்றால், வந்த வழியே அனுப்பிவிடுங்கள்.

வாசகர்கள் கேட்பவை

நட்டு மூன்று மாதத்தில் நாலைந்து கன்றில் முடிக்கொத்து தெரிகிறது. பிடுங்கிப் போட்டால் போதுமா?

அப்படியே பிடுங்கினால் அதில் உள்ள அசுவினி கிளம்பி அடுத்த கன்றுக்குப் போய்விடும். முதலில் அந்தக் கன்றின் குருத்துக்குள் மண்ணெண்ணெய் ஊற்றியோ, பூச்சிமருந்து தெளித்தோ அசுவினியைக் கொல்ல வேண்டும். பிறகுதான் கிழங்கோடு தோண்டி, துண்டு துண்டாக வெட்டிப் போட வேண்டும். கிழங்கு மிச்சம் இருந்தால் முளைத்து வரும் கன்றும் நோயோடுதான் வரும். பெரிய மரம் என்றால் தண்டில் ஊசி மூலம் களைக்கொல்லி செலுத்திக் கொல்லும் முறை உண்டு. அளவைத் தோட்டக்கலை அலுவலரிடம் கேட்டுச் செய்யுங்கள். இந்த வைரஸ் அரிவாள் வழியாகப் பரவாது. அந்தப் பயம் வேண்டாம்.

சான்று பெற்ற கன்றுதான் நட்டேன். மூன்றாம் மாதம் நோய் தெரிந்தால் கம்பெனியின் தவறா?

உடனே அப்படிச் சொல்லிவிட முடியாது. முதலில் வந்த இலைகளிலேயே நோய் தெரிந்தால், தோட்டம் முழுக்கப் பரவலாகத் தெரிந்தால், கன்றோடு வந்திருக்கலாம். ஓர் ஓரத்தில் தொடங்கி உள்ளே நகர்ந்தால், அசுவினி வெளியில் இருந்து கொண்டுவந்தது. பக்கத்துத் தோட்டத்தில் மறுதாம்பு வாழை பராமரிப்பு இல்லாமல் நிற்கிறதா என்று பாருங்கள். வீட்டுக் கொல்லைகளில் இலைக்காக வைத்திருக்கும் வாழையும் நோய்க்கிடங்கு ஆகும். கைலாசபுரம் போன்ற குடியிருப்புகளில் தோட்டத்துக்கு ஆசைப்பட்டு நாலு வாழை வைத்திருப்பவர்கள், குலை தள்ளாமல் கொத்தாக நிற்கும் மரத்தை 'இலைக்காவது ஆகட்டும்' என்று விட்டுவைக்கிறார்கள். அசுவினிக்கு மதில் சுவர் ஒரு பொருட்டு இல்லை. அவர்களிடம் பக்குவமாகச் சொல்லி எடுக்க வைப்பது, மருந்து தெளிப்பதைவிட நல்ல பலன் தரும்.

கன்று தரமில்லை என்று தெரிந்தால் இழப்பீடு கேட்க முடியுமா?

கேட்கலாம். விதை வாங்கும் உழவரும் நுகர்வோர்தான், நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்று தேசிய விதைக் கழகம் தொடர்பான வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால், கையில் காகிதம் இருக்க வேண்டும். ரகம், கன்று எண்ணிக்கை, தொகுதி எண், தேதி போட்ட பில்லை வாங்குங்கள். துண்டுக் காகிதத்தில் கூட்டிக் கொடுப்பது பில் ஆகாது. சான்றிதழ் நகல், சீட்டு, கன்று இறக்கிய அன்று எடுத்த போட்டோ ஆகியவற்றை அறுவடை முடியும் வரை பத்திரமாக வைத்திருங்கள். பிரச்னை தெரிந்தவுடன் தோட்டக்கலைத் துறை அலுவலருக்கு எழுத்தில் கொடுத்து, நேரில் வந்து பார்க்கச் சொல்லி, அறிக்கை வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு முன்பே கோபத்தில் கன்றை எல்லாம் வெட்டிச் சாய்த்துவிட்டால், காட்டுவதற்குச் சாட்சி இருக்காது.

பக்கக்கன்றே நடுகிறேன். எனக்கு என்ன வழி?

நோய் இல்லாத தோட்டத்தில், நல்ல தார் போட்ட மரத்தில், ஈட்டி போல இலை உள்ள கன்றாக எடுங்கள். அகல இலை உள்ள நீர்க்கன்று வேண்டாம். தாய்மரம் குலை தள்ளி, பூவும் மடலும் பார்த்த பிறகு எடுப்பது நல்லது. பூமடல் தேமல் இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். கிழங்கில் வேரையும் புழு துளைத்த பகுதியையும் வெள்ளை தெரியும் வரை சீவி, சூடோமோனாஸ் கரைசலில் நனைத்து நடுங்கள். கன்று எடுக்கும் மரத்துக்குக் காய் பிஞ்சாக இருக்கும்போதே சுண்ணாம்பால் ஒரு குறி போட்டு வைத்துவிடுங்கள். வெட்டு முடிந்த பிறகு எந்த மரம் நல்ல தார் போட்டது என்று யாருக்கும் நினைவிருக்காது.